கடைசி போஸ்ட் மோட்டார்

ஆத்துத் தண்ணிக்குக் கடைமடைன்னா அறந்தாங்கிப் பக்கந்தான்னு சொல்லுவாங்க. எல்லா ஊரும் பாய்ச்சி முடிச்சு, மாட்டைக் கழுவி, மிச்சம் மீதி இருந்தா அங்கிட்டு வரும். எங்க ஊரு அதுக்கும் மேட்டுல இருக்கு. செவக்காடு. ஆத்துத் தண்ணி எங்களை எட்டிக்கூடப் பாத்ததில்ல. போர் போட்டு மோட்டார்ல எறைச்சாத்தான் உண்டு. அதனால நாம கடைமடை இல்லப்பான்னு ரொம்ப நாளு தெம்பா இருந்தேன். கரண்டுக்கும் கடைமடை உண்டுன்னு எனக்குத் தெரியாது. அது நாந்தான்னும் தெரியாது.

கண்மாய்க் கரையில ட்ரான்ஸ்பார்மர் இருக்கு. அதுலேருந்து கம்பி கெளம்பி, தைலமரக் காட்டு ஓரமா வளைஞ்சு, என் முந்திரி மரத்துக்கிட்ட வந்து நின்னுரும். அதுக்கு அங்கிட்டுப் போஸ்ட்டே கெடையாது. கடைசி போஸ்ட்டு என்னது. மொத போஸ்ட்டு என் மச்சானுது, அதாவது என் வீட்டுக்காரியோட மூத்த அண்ணன். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பன்னெண்டு மோட்டாரு. எல்லாருக்கும் மும்முனைக் கரண்டு வர்றது ஒரே நேரம். வந்த நிமிசம் பதினாலும் ஒண்ணா எந்திரிக்கும். எல்லாரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிருக்கோம்ல. ஓடிப்போய் பட்டனை அமுக்குற சுறுசுறுப்பு எங்களை விட்டு எப்பவோ போயிருச்சு.

எனக்கு எழுத்து தெரியாது. நம்பர் தெரியும். பஸ் நம்பர், போன் நம்பர், ஸ்டார்ட்டர் போர்டுல இருக்கிற வோல்ட் மீட்டர் நம்பர், இம்புட்டுத்தான் என் படிப்பு. மோட்டாரு ஓடாதப்ப அந்த ஊசி நானூத்தி இருபதுல நிக்கும். பதினாலும் எந்திரிச்சதும் மயக்கம் போட்டவன் தலை மாதிரி முன்னூத்திப் பத்துல வந்து சாயும். மோட்டாருல ‘ஊம்’னு ஒரு சத்தம் வரும். தண்ணி வர்றத பாத்தா சின்னப்புள்ள ஒண்ணுக்குப் போற மாதிரி இருக்கும்.

அப்படி ஓட்டி ஓட்டித்தான் போன வருசம் மோட்டாரு கருகிருச்சு. மேல தூக்கி அறந்தாங்கிக்குக் கொண்டுபோனேன். காயில் கட்டுறவரு அதைப் பிரிச்சு மோந்து பாத்தாரு. மோந்து பாத்தே சொல்லிருவாரு.

"கொறைஞ்ச வோல்டேஜ்ல ஓட்டிருக்கீங்க."

"கொறைஞ்சா எப்படிண்ணே கருகும்? ஜாஸ்தியா வந்தால்ல கருகணும்."

"ஒங்களுக்கு அரை வயித்துக்குச் சோத்தைப் போட்டு முழு மூட்டையத் தூக்கச் சொன்னா என்ன செய்வீங்க?"

"தூக்க மாட்டேன். உக்காந்துருவேன்."

"மோட்டாருக்கு அம்புட்டு வெவரம் பத்தாது. இழுத்துப் புடிச்சுத் தூக்கும். வோல்டேஜ் கொறையக் கொறையக் கரண்டை ஜாஸ்தியா உறிஞ்சும். சூடாகி வெந்துரும். சரி, வோல்டேஜ் எறங்குனா நிப்பாட்டுறதுக்குப் போர்டுல ஒரு பொட்டி இருக்குமே, அது என்னாச்சு?"

அது சும்மா சும்மா நிப்பாட்டுதுன்னு ஒரு துண்டு வயரை வச்சு நாந்தான் அதோட வாயை அடைச்சு வச்சிருந்தேன். அதை அவருகிட்ட சொல்லல. "எலி கடிச்சிருச்சுண்ணே"ன்னேன்.

பஸ்ல திரும்பி வரையில யோசிச்சுக்கிட்டே வந்தேன். கரண்டு மச்சான் வீட்டு வாசல் வழியாத்தான் என் வீட்டுக்கு வருது. கெளம்புறப்ப முழுசா இருக்கு. வந்து சேர்றப்ப பாதிதான் இருக்கு. அப்ப மீதிய எவனோ எடுக்குறான். ஆடு காணாமப் போனா பக்கத்து வீட்டுக் கொழம்பை மோந்து பாக்குற சாதிதான நான்.

அன்னையிலேருந்து மச்சான் செய்யிறது எல்லாமே எனக்குத் தப்பாப் பட்டுச்சு. அவரு தோட்டத்துல ஸ்பிரிங்ளர் தண்ணியத் தென்னங்குருத்து ஒசரத்துக்கு வீசுது, எப்படி வீசுது? லைன்மேனுக்குப் பலாப்பழம் குடுத்தாரு, எதுக்குக் குடுத்தாரு? எங்க பக்கம் பலாப்பழம் வேண்டாம்னாலும் வீட்டுல வந்து வச்சுட்டுப் போவாங்க. அது வேற விசயம். இவரு குடுத்தது பெரிய பழம். இதுக்கெல்லாம் மேல, என்னைப் பாக்குறப்பல்லாம் ஒரே கேள்வி கேப்பாரு.

"மாப்ள, வோல்டேஜ் எப்படி இருக்கு?"

களவாண்டவன்தான் அடிக்கடி வந்து, பொருள் கெடைச்சுச்சான்னு விசாரிப்பான்.

ஒருநா மம்பட்டி இரவல் கேக்குற மாதிரி அவரு மோட்டார் ரூமுக்குப் போனேன். மோட்டாரு ஓடிக்கிட்டு இருக்கு. போர்டுல ஊசி முன்னூத்தித் தொண்ணூறுல ராசா மாதிரி நிக்கிது. அதையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன்.

"என்ன மாப்ள, மம்பட்டின்னுட்டு மீட்டரைப் பாக்குற?"

"இல்ல மச்சான், மணி என்னன்னு பாத்தேன்."

"அது மணி காட்டாது மாப்ள."

"அப்படியா."

மம்பட்டிய வாங்கிட்டு வந்துட்டேன். வீட்டுல ஏற்கெனவே மூணு மம்பட்டி கெடக்கு.

அப்பத்தான் எனக்கு அந்தப் புத்தி வந்துச்சு. எல்லாரும் உறிஞ்சுறப்ப நாம மட்டும் சின்ன வாயை வச்சிக்கிட்டு என்ன செய்யிறது? பெரிய வாயா வச்சா நமக்குரியது தன்னால வந்துரும்ல. கரண்டு ஆபீஸ்ல எனக்கு அனுமதி குடுத்தது அஞ்சு எச்பிக்கு. காயில் கட்டுன பழைய மோட்டாரைத் தூக்கிக் கடாசிட்டு ஏழரை எச்பியப் போர்க் குழிக்குள்ள எறக்குனேன். ஏழரைன்னு பேரு உள்ள எதுவும் எவனுக்கும் நல்லது செஞ்சதில்ல, எனக்கு மட்டும் செஞ்சிரப் போவுதா. ஆனா ஒரு வசதி. மோட்டாரு முன்னூறு அடிக்குக் கீழ இருக்கு. எவன் எறங்கிப் பாக்கப் போறான்? ரூம் செவுத்துல சர்வீஸ் நம்பரும் 5 எச்பின்னும் பெயிண்டுல போட்டிருக்கும். பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிறப்ப அந்த அஞ்சை மட்டும் நானே பிரஷ் எடுத்துப் புதுப்பிச்சேன். என் வீட்டுக்காரி பக்கத்துல நின்னு பாத்தா. ஒண்ணும் சொல்லல. அவ ஒண்ணும் சொல்லாம நின்ன அன்னைக்கே நான் உசாராயிருக்கணும்.

ஏழரை போட்டதும் ஊசி இன்னும் கீழ எறங்கிருச்சு. முன்னூத்தி அஞ்சு, முன்னூறு. எனக்கு ஒரே ஆச்சரியம். பெரிய வாயைப் பாத்ததும் மச்சான் அங்கிட்டு இன்னும் இறுக்கிட்டாருன்னு முடிவு பண்ணிக்கிட்டேன். நாலே மாசத்துல அதுவும் கருகிருச்சு. மறுபடி காயில் கட்டி எறக்குனேன், அதே ஏழரையத்தான். புத்தி வர்றதுக்கும் எனக்குக் கடைமடைதான்.

அது மாசிப் பட்டத்துல கடலை போட்டிருந்த நேரம். பூ பூத்து விழுது எறங்குற சமயம். அந்தப் பதினஞ்சு இருவது நாளு தரை ஈரமா இருந்தாத்தான் விழுது மண்ணுக்குள்ள போகும், காய் புடிக்கும். தரை காஞ்சா விழுது முட்டி நின்னுரும். மேல பச்சையா எலை தழைச்சு நிக்கும், புடுங்குனா கீழ ஒண்ணும் இருக்காது. மூணாவது தடவை மோட்டாரு கருகுனா ரெண்டு ஏக்கர் கடலையும் அம்புட்டுத்தான். மழைக்கு வழியே இல்ல. எனக்குச் சோறு எறங்கல. ஊசியப் பாக்குறது, மச்சான் தோட்டத்துப் பக்கம் பாக்குறது, மறுபடி ஊசியப் பாக்குறது.

கடைசியில மொட்டைப் பெட்டிசன் போட்டுர்றதுன்னு முடிவு பண்ணேன். மச்சான் குழிக்குள்ள பெரிய மோட்டாரு ஒளிச்சு வச்சிருக்காருன்னு கரண்டு ஆபீசுக்கு எழுதணும். நான் ஒளிச்சு வச்சிருக்கேன்ல, அப்ப அவரும் வச்சிருப்பாருதான. ஆனா எழுதுறதுக்கு ஆள் வேணும். வெளியில சொன்னா ஊரு பூரா பரவிரும். வீட்டுல எழுதத் தெரிஞ்சவ ஒருத்திதான் இருக்கா. அவ அந்த மச்சானோட கூடப்பொறந்த தங்கச்சி.

பத்தாவது வரைக்கும் படிச்சவ. கையெழுத்து முத்து முத்தா இருக்கும்பாங்க. எனக்கு எந்த எழுத்தும் எறும்பு போற மாதிரிதான் தெரியும், அவளோடது வரிசையாப் போற எறும்பு. பயந்துக்கிட்டேதான் கேட்டேன்.

"ஒங்கண்ணன் மேல ஒரு பெட்டிசன் எழுதணும்."

அருவாமனையில கத்திரிக்காய் அரிஞ்சுக்கிட்டு இருந்தா. நிமிந்துகூடப் பாக்கல.

"பேப்பர் எடுத்துட்டு வாங்க."

இம்புட்டு லேசா சம்மதிச்சது எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆனா காரியம் நடக்குதேன்னு கம்முன்னு இருந்துட்டேன். மொத போஸ்ட்டு, பெரிய மோட்டாரு, ஸ்பிரிங்ளரு, பலாப்பழம், எல்லாத்தையும் சொன்னேன். தென்னங்குருத்து ஒசரத்தைக் கையைத் தூக்கிக் காட்டுனேன். கால் மணி நேரம் பேசிருப்பேன். அவ நாலு வரி எழுதி மடிச்சுட்டா.

"என்னடி, நான் இம்புட்டுச் சொன்னேன், இம்புட்டுக்காணுதான் இருக்கு?"

"எழுதுனா சுருங்கிரும்ங்க."

"பலாப்பழத்தைப் போட்டியா?"

"அது எதுக்கு, ஆபீஸ்ல சிரிப்பாங்க."

எங்க ஊருத் தபால் பொட்டியில போட்டா முத்திரைய வச்சுக் கண்டுபுடிச்சிருவாங்கன்னு, பஸ் ஏறித் திருவரங்குளம் போய்ப் போட்டேன். யாராச்சும் எதுக்கு வந்தன்னு கேட்டா சாமி கும்புட வந்தேன்னு சொல்லணும்ல, அதுக்காகச் சிவன் கோயிலுக்குள்ளயும் போய் நின்னேன். மச்சான் மாட்டிக்கிடணும்னு கும்புட்டேன். சாமி காதுல அது எப்படி விழுந்துச்சோ.

பத்து நாளு கழிச்சு மும்முனை ஓடுற நேரமாப் பாத்து ஜீப்பு வந்துச்சு. நான் முந்திரித் தோப்புல மரத்துக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். ஜீப்பு கண்மாய்க் கரையில திரும்புது. மச்சான் ரூமுக்கிட்ட வருது. வாய் காதுவரைக்கும் போயிருச்சு எனக்கு. ஜீப்பு நிக்கல. ரெண்டாவது ரூமையும் தாண்டுச்சு. தைலமரக் காட்டையும் தாண்டுச்சு. எனக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமா மூடுச்சு. நேரா என் ரூம் வாசல்ல வந்து நின்னுச்சு.

சின்ன வயசு இன்ஜினியர் அம்மா ஒண்ணு எறங்குச்சு. பின்னாடியே லைன்மேன் வந்தாரு.

"ஐயா, இது உங்க மோட்டாருங்களா?"

"ஆமாங்க மேடம். என்னங்க, வழி தவறி வந்துட்டீங்களா? மொத போஸ்ட்டு அங்கிட்டுல்ல இருக்கு."

"மொத போஸ்ட்டை யாருங்க கேட்டா?"

வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன். லைன்மேன் போர்டைத் தொறந்து, நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு மீட்டரை எடுத்து வயரைக் கவ்வ விட்டாரு. வயரை அறுக்காமலே எவ்வளவு கரண்டு போகுதுன்னு அது சொல்லிருமாம். முன்னூறு அடிக்கு எறங்க வேண்டியதே இல்ல. இப்படி ஒரு நண்டு இருக்குன்னு எவனும் எனக்குச் சொல்லல.

"பதினாலு காட்டுது மேடம்."

"அஞ்சு எச்பிக்கு எட்டுதான வரணும்?"

"வயசான மோட்டாருங்க மேடம்," நாந்தான் சொன்னேன். "வயசானா கொஞ்சம் கூடச் சாப்புடும்."

அந்தம்மா சிரிக்கல. பையிலேருந்து ஒரு பேப்பரை எடுத்துச்சு. மடிப்பைப் பாத்ததுமே அது நான் போட்ட பேப்பருதான்னு தெரிஞ்சுபோச்சு.

"பேரு இல்லாம வந்திருக்கு. வாசிக்கிறேன் கேளுங்க. ‘கடைசி போஸ்ட்டு மோட்டாரு செவுத்துல அஞ்சு, குழிக்குள்ள ஏழரை. வோல்டேஜ் இல்லாம ரெண்டு தடவை கருகிருச்சு. கடலை விழுது எறங்குற நேரம், மூணாவது தடவை கருகுறதுக்குள்ள வந்து பாருங்க. பாவம், நாங்க சொன்னாக் கேக்க மாட்டாங்க.’ கையெழுத்து ரொம்ப அழகா இருக்குய்யா. யாரு எழுதிருப்பாங்க?"

அந்த நேரம் பாத்து என் வீட்டுக்காரி தூக்குச்சட்டியில டீயோட வந்து நிக்கிறா. மூணு டம்ளரு எடுத்துட்டு வந்திருக்கா. ஜீப்பு எங்க வந்து நிக்கும்னு முன்னாடியே தெரிஞ்சவ மாதிரி.

"தெரியலீங்க மேடம்," நான் சொன்னேன். "எவளோ... எவனோ பொறாமை புடிச்சவன்."

"மேடம், டீ ஆறிரும்," அவ சொன்னா.

மாட்டுனது மாட்டியாச்சு, மச்சானையும் சேத்து மாட்டி விடுவோம்னு, "எல்லாரையும் பாருங்க மேடம், மொத போஸ்ட்டு வரைக்கும் பாருங்க, நான் மட்டுமா?"ன்னேன். அந்தம்மாவும் சரின்னு கெளம்பிருச்சு. நானும் பின்னாடியே நடந்தேன். ஜீப்பைக் கண்டதும் ஒவ்வொரு ரூம்லயும் மோட்டாரு பொட்டு பொட்டுன்னு நிக்கிது. லைன்மேன் ஒவ்வொண்ணா ஓட விட்டு நண்டைக் கவ்வ விட்டாரு. பன்னெண்டு, பதிமூணு, பதினாலு. நடுவுல இருந்த பன்னெண்டு பேருல பத்துப்பேரு செவுத்துல ஒண்ணு, குழிக்குள்ள ஒண்ணு. எல்லாப் பயலும் என்னை மாதிரியே யோசிச்சிருக்கான். எனக்குப் பெருமையாவும் இருந்துச்சு, நாம மட்டுந்தான் புத்திசாலின்னு நெனச்சிருந்தமேன்னு வருத்தமாவும் இருந்துச்சு.

மச்சான் ரூமு வந்துச்சு. நான் முன்னாடி போயி நின்னுக்கிட்டேன். நண்டு கவ்வுச்சு.

"எட்டு மேடம்."

"நல்லாப் பாருங்கண்ணே," நான் லைன்மேன்கிட்ட சொன்னேன். "சரியாக் கவ்வல போல."

"எட்டுதான் மாப்ள," மச்சான் சொன்னாரு. "எனக்குத்தான் வோல்டேஜ் நல்லா வருதே, நான் எதுக்குப் பெரிய மோட்டாரு போடப் போறேன்?"

அதுவும் சரிதான். அந்த யோசனை ஒரு வருசமா எனக்கு வரல பாருங்க. ஆனாலும் விடுறதுக்கு மனசு வரல. ட்ரான்ஸ்பார்மருக்குள்ள ஒரு திருகு இருக்குன்னும், அதைத் திருகுனா வோல்டேஜ் ஏறும்னும் டீக்கடையில கேள்விப்பட்டிருந்தேன்.

"மேடம், அந்தத் திருகை எங்களுக்காகக் கொஞ்சம் திருகி விடலாம்ல? இவங்களுக்கு மட்டுந்தான் திருகுவீங்களா?"

லைன்மேன் மச்சானைப் பாத்தாரு. மச்சான் தரையப் பாத்தாரு. அந்தம்மாதான் சொல்லுச்சு.

"அதைக் கடைசிப் படிவரைக்கும் ஏத்தியாச்சுய்யா. உங்களுக்காகத்தான். இதுக்கு மேல படி இல்ல. இப்ப என்ன ஆகுதுன்னா, உங்க மோட்டாரெல்லாம் நிக்கிற நேரத்துல இவரு வீட்டுல வோல்டேஜ் எகிறுது. ரெண்டு பேனு, டிவி எல்லாம் போச்சு. எறக்கச் சொல்லி ஆபீசுக்கு வந்தாரு. எறக்குனா கடைசி போஸ்ட்டுல மோட்டாரு எந்திரிக்காதுன்னோம். அப்ப இருக்கட்டும்னு திரும்பிப் போயிட்டாரு."

"அது என் தங்கச்சி வீட்டு மோட்டாருல்ல," மச்சான் சொன்னாரு. "அதான் பாக்குறப்பல்லாம் கேப்பேன், வோல்டேஜ் எப்படி மாப்ளன்னு."

மனுசன் இம்புட்டு நல்லவனா இருந்தா அதுக்குப் பின்னாடி ஏதோ இருக்கணுமேன்னுதான் மொதல்ல தோணுச்சு. இன்னைக்கு வரைக்கும் தேடிக்கிட்டுதான் இருக்கேன், ஒண்ணும் ஆம்புடல.

அந்தம்மா கண்டிசனாச் சொல்லிட்டுப் போயிருச்சு. பெரிய மோட்டாரு வச்சவங்க அஞ்சு நாளைக்குள்ள மாத்தணும், இல்லாட்டி பீஸ் கட்டையப் புடுங்கிருவோம்னுச்சு. பதினாலும் ஒண்ணா ஓட்டாதீங்க, ஓட்டுனா எந்தத் திருகும் காப்பாத்தாதுன்னுச்சு.

அஞ்சு நாளு. கடலைக்கு அன்னைக்கே தண்ணி தேவை. நான் அன்னைக்கு ராத்திரி பூரா புது மோட்டாருக்கு எங்க போறதுன்னு பொரண்டு பொரண்டு படுத்தேன். காலையில மச்சான் டிராக்டரை ஓட்டிக்கிட்டு வந்து நிக்கிறாரு. பின்னாடி கப்பி, கயிறு, அஞ்சு எச்பி மோட்டாரு ஒண்ணு. அவரு மாத்துக்கு வச்சிருந்தது.

"இதைப் போடு மாப்ள. விழுது எறங்குற நேரம்."

பைப்பை ஒண்ணொண்ணாக் கழட்டி ஏழரைய மேல தூக்கிட்டு அஞ்சை எறக்குனோம். எறக்குறதுக்கு முன்னாடி அவரு டீ குடிக்கப் போன நேரத்துல அந்த மோட்டாரை நான் மோந்து பாத்தேன். காயில் கட்டுறவரு மோந்து பாப்பாருல்ல, அந்த மாதிரி. எனக்கு கிரீஸ் வாடைதான் வந்துச்சு. வேற ஒண்ணும் கண்டுபுடிக்க முடியல. போர்டுல நான் வச்சிருந்த துண்டு வயரை மச்சான் பாத்துட்டு, உருவி என் சட்டைப் பையில போட்டாரு.

அடுத்து ஒண்ணா ஓட்டாம இருக்கிறதுக்கு வழி. அதை எந்த இன்ஜினியரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல. கண்மாயில தண்ணி கொறைஞ்சா முறை போட்டுப் பாய்ச்சுவோம். கண்மாய்த் தண்ணிக்கு இருந்த அதே முறையக் கரண்டுக்கும் போட்டோம். கரண்டு வந்ததும் மொதப் பாதி நேரம் கடைசி ஏழு போஸ்ட்டு ஓட்டணும், அடுத்த பாதி முன்னாடி ஏழு. ஆட்டோ ஸ்டார்ட்டரை எல்லாரும் கழட்டிரணும். கூட்டத்துல எல்லாரும் தலையாட்டுனோம். ஆனா ஒருத்தனை ஒருத்தன் நம்பணும்ல. ரெண்டாவது நாளே ஒருத்தன் களவாணித்தனமா ஓட்டுனான். எப்படித் தெரிஞ்சுச்சுன்னா, என் ஊசி பொசுக்குன்னு எறங்குச்சு. நான் வெளிய வந்து பாக்குறேன், கடைசி ஏழு பேருமே ரூமுக்கு வெளிய வந்து வரப்புல நின்னு பாக்குறாங்க. எல்லாரும் என்னை மாதிரி ஊசியவே பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. எவன்னு தேட வேண்டியதே இல்லாமப் போச்சு. ஏழு பேரு சேந்து அங்கிட்டு நடந்து போனதுமே அவன் மோட்டாரு தன்னால நின்னுருச்சு. அதுலேருந்து முறை தப்பினதில்ல. நம்பிக்கையில ஓடல. எல்லாரும் எல்லாரையும் முறைச்சுக்கிட்டே இருக்கிறதுல ஓடுது.

என் ஊசி இப்ப முன்னூத்தி எம்பதுல நிக்கிது. சின்ன மோட்டாருதான், ஆனா தண்ணி தொடை மொத்தத்துக்கு விழுது. மொத நாளு வாய்க்கால்ல தண்ணி திரும்பி கடலைப் பாத்திக்குள்ள போனப்ப, நான் அந்தத் தண்ணிக்கு முன்னாடியே நடந்து போனேன். கடைசிப் பாத்தி நெறைஞ்சதும் குத்தவச்சு ஒரு விழுதைத் தொட்டுப் பாத்தேன். மண்ணு எளக்கமா இருந்துச்சு. எறங்கிரும்னு தெரிஞ்சுச்சு.

எறங்குச்சு. காய் புடிச்சுச்சு. புடுங்குன அன்னைக்கு ஒரு கூடை பச்சக்கடலைய அவிச்சு மச்சான் வீட்டுக்குக் கொண்டுபோனோம், நானும் அவளும். மச்சான் ஒண்ணை ஒடைச்சு வாயில போட்டாரு.

"பருப்பு தெரட்சியா இருக்கு மாப்ள. அந்தப் பெட்டிசன் போட்டவங்க நல்லா இருக்கணும்."

போட்டவன்னு சொல்லல, போட்டவங்கன்னு சொன்னாரு. நான் ஒடைச்ச கடலையக் கையிலயே வச்சுக்கிட்டு அவளைப் பாத்தேன். அவ மதினிகிட்ட, டிவி எப்ப புதுசு வாங்குனீங்கன்னு கேட்டுக்கிட்டு இருந்தா. நான் யாரு மேல பெட்டிசன் எழுதச் சொன்னேன்னு அண்ணனுக்குச் சொல்லிட்டாளா, சொல்லலையா? கேட்டா, "எதைங்க?"ன்னு கேக்குறா.

அதுலேருந்து எதையும் அவளை எழுதச் சொல்லுறதில்ல. இதைக்கூடப் போன்லதான் பேசுறேன், நான் பேசப் பேச அதுவே எழுதிக்கிருது. போனுக்கு அண்ணன் தம்பி கெடையாது. ஆனா ஒரு சிக்கல் இருக்கு. போன் என்னத்தை எழுதிருக்குன்னு பாக்கணும்னா திரும்ப அவகிட்டதான் நீட்ட வேண்டியிருக்கு. நேத்துக் குடுத்தேன். ஆரம்பத்துலேருந்து முடிவுவரைக்கும் படிச்சா. நடுவுல ரெண்டு எடத்துல வெரலை வச்சு என்னமோ அழுத்துனா.

"எழுத்துப்பிழைங்க," அப்படின்னா.

எத்தனைன்னு கேட்டேன். எண்ணலையாம்.